தேமல்

வீட்டில் அவளுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் வைத்த ‘கொசு’தான் நிலைத்தது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் கடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிதான் இருந்தது.

ஓவியம் படித்தாள். படித்த கையோடு ரொட்டிக் கடையில் மாவு பிசையப் போனாள். மாவு ஏன் புளிக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கவே, ஓர் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். பழைய நூலகம் ஒன்றில் யாரும் தொடாத தடித்தடி புத்தகங்களின்மேல் காளான் வளர்த்து, பார்க்க வந்தவர்களுக்கே அதை வதக்கிப் பரிமாறினாள். மண்ணுக்குள் மைக்கைப் புதைத்து முள்ளங்கி பருக்கிற ஓசையைப் பிடித்திருப்பதாகச் சொல்லி இருட்டறையில் ஒலிக்கவிட்டாள். ஜனங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சிலர் அழுதுகொண்டும் வெளியே போனார்கள். ஓவியர்கள் அவளைச் சமையல்காரி என்றார்கள். சமையல்காரர்கள் விஞ்ஞானி என்றார்கள். விஞ்ஞானிகள் ரொம்ப மரியாதையாக ‘கலைஞர்’ என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அண்ணன் அவளைப் போல் அலைகிறவன் இல்லை. அப்பா தையல் மிஷினோடு வாழ்ந்து முடிந்தவர். அந்த வீட்டில் யாருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. நகரத்தின் ஓரத்தில், லாரிகள் திரும்புகிற வட்டச்சாலைக்குப் பின்னால், பசுமைக்குடில்களுக்கு இரும்புக் கம்பி வளைக்கிற வேலைக்குப் போனவன் அவன். வேலை முடிந்து மற்ற எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பியபோது அவன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டான். இப்போது ஆறு குடில்கள் அவன் கையில் இருந்தன. ஆறிலும் தக்காளி. அண்ணி கணக்குப் படித்தவள். பழம் தரம் பிரிப்பது, பெட்டி கட்டுவது, வியாபாரிகளோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள் பொறுப்பு. செடியோடு பேசுவது அண்ணன், மனுஷனோடு பேசுவது அண்ணி என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு.

நகரத்தின் பெரிய காட்சிக்கூடத்திலிருந்து கொசுவுக்கு அழைப்பு வந்த வருஷம் அவளுக்கு நல்ல வருஷமாகத் தொடங்கியது. கூடத்தின் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவர், எதையும் இரண்டு தடவை கேட்காதவர். “பெரிய ஹாலைத் தர்றேன். என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“தக்காளித் தோட்டம் போடுவேன்” என்றாள் கொசு. அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே அது தோன்றியது.

ஹால் முழுக்க விளக்கொளியில் தக்காளி வளரும். நடுவில் நீளமான மேஜை. அதன்மேல் உலகத்தில் எங்கெங்கோ விளைந்து கடைக்கு வந்த தக்காளிகள், வாராவாரம் புதிதாக. வருகிறவர்கள் பழத்தை எடுத்து முகரலாம், கடிக்கலாம், அதே கையோடு செடிகளுக்குள் நடந்து இலையைத் தடவிப் பார்க்கலாம். ‘தொடாதீர்கள்’ என்று எங்குமே எழுதியிருக்காத ஒரு காட்சிக்கூடம். தலைவிக்கு அந்தக் கடைசி வரி பிடித்துவிட்டது.

நாற்று கேட்க அண்ணனிடம்தான் போனாள்.

“எவ்ளோ வேணும்?”

“உன் ரெண்டாவது குடில்ல பாதி நிறையற அளவுக்கு.”

“வெளிச்சம்?”

“விளக்கு போடறாங்க.”

“வெயிலே படாம தக்காளியா?” அண்ணன் தாடையைச் சொறிந்தான். “சரி, அது என்ன பண்ணுதுன்னு நானும் பாக்கணும்.”

நாற்றுகளை அவனே லாரியில் ஏற்றி வந்தான். சொட்டுநீர்க் குழாய்களையும் அவனே பதித்தான். அதற்கென்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். தலைவி அவனுக்குக் கைகொடுத்து, “நீங்க இந்தப் படைப்போட இணைக் கலைஞர்” என்று சொன்னபோது அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போய், “இனிமே நானும் கலைஞர்தான், ஒரு டீ போட்டுக் கொண்டா” என்றானாம். கலைஞர்கள் எல்லாம் தாங்களே போட்டுக் குடிப்பார்கள் என்று பேப்பரில் வந்திருக்கிறது என்றாளாம் அண்ணி.

செடிகள் நன்றாகவே வந்தன. அண்ணன் ஹாலுக்கு வந்து கொடிகளை நூலில் சுற்றிவிட்டான், பக்கக்கிளைகளைக் கிள்ளினான். உரக்கரைசல் வாங்க அவள் குடிலுக்குப் போனாள். அதே கத்தரிக்கோல், அதே செருப்பு, அதே சட்டை, இங்கும் அங்குமாகப் போய்வந்தன. ஆனால் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. செடிக்கு அவசரமில்லை, அவளுக்கு இருந்தது. ஜனங்கள் வந்தார்கள், பழம் தின்றார்கள், இலையைத் தடவினார்கள், அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அழகாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கால் அரிக்கும். நடந்து நடந்து ஹாலின் ஓரத் தரையில் அவளுக்கென்று ஒரு தடமே விழுந்திருந்தது.

ஒருநாள் காலையில், கதவு திறப்பதற்கு முன்னால், சுவரோர வரிசையில் ஓர் இலையைப் பார்த்தாள். கரும்பச்சைக்குள் வெளிர்ப்பச்சை திட்டுத் திட்டாகப் பரவி, ஏதோ தீவுக்கூட்டத்தின் வரைபடம் போல இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எத்தனை வருஷம் தூரிகை பிடித்தாலும் அந்தப் பச்சைக்குள் அந்தப் பச்சையை வைக்க அவளுக்கு வந்திருக்காது.

அண்ணனுக்கு போன் போட்டாள். வந்து பார்த்தான். “விளக்குச் சூடா இருக்கும். இல்லன்னா இரும்புச்சத்து கம்மி” என்றான். கரைசலை மாற்றினார்கள். திட்டு குறையவில்லை, பரவியது. பழங்களிலும் மஞ்சளும் பழுப்புமாகச் சுருக்கம் விழுந்தது. அவள் விளக்குகளைக் கீழே இறக்கி, இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒளி வருகிற மாதிரி வைத்தாள். ஹாலே சர்ச்சின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரரிடம், “நோயும் ஒரு விவசாயிதான்” என்று ஒரு வாக்கியம் விட்டாள். அவர் அதைத் தலைப்பாகவே போட்டார். கூட்டம் வரிசையில் நின்றது. அந்த இலை ஆளுயரப் போஸ்டராகி நகரத்துச் சுவரெல்லாம் ஏறியது.

போஸ்டர் ஒட்டிய வாரத்தில் அண்ணி போன் செய்தாள். அவள் சாதாரணமாகக் கூப்பிடுகிறவள் இல்லை.

“உன் போஸ்டர்ல ஒரு இலை இருக்கில்ல, அதே மாதிரி இங்க மூணாவது குடில்ல ஒண்ணு இருக்கு” என்றாள். “நீ வந்து பாக்கறியா, இல்ல நான் அங்க கொண்டு வரட்டுமா?”

“நான் வரேன் அண்ணி.”

“இல்ல, வராத. நான் ஏதோ கோவத்துல கேட்டேன். நீ இருக்கிற இடத்துலயே இரு. பயிர் டாக்டர் வந்திட்டிருக்காங்க.”

பயிர் டாக்டர் அரசாங்கத்திலிருந்து வந்த சின்ன வயதுப் பெண். இரண்டு இடத்துக்கும் வந்தார். செருப்புக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு, இலையைக் கிள்ளிப் பையில் போட்டு, மெதுவான குரலில் பேசினார். பரிசோதனை முடிவு வந்ததும் அண்ணன், அண்ணி, கொசு மூன்று பேரையும் குடில்களுக்கு வெளியே நிற்க வைத்துச் சொன்னார்.

“தேமல் நோய். வைரஸ். மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா செடிக்கு மருந்து கிடையாது. கையில ஒட்டும், துணியில ஒட்டும், கத்தரியில ஒட்டும், பழத்துலயும் இருக்கும். எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கணும். குடிலை அடிமுதல் நுனிவரை கழுவணும். நான் சொல்றவரைக்கும் தக்காளி போடக் கூடாது.”

“ஆறுமா?” என்றான் அண்ணன்.

“ஆறும்தாங்க.”

“எங்கேருந்து வந்துச்சு?” இது அண்ணி.

“இப்ப சொல்ல முடியாதுங்க. நாத்துலயே இருந்து இங்கேருந்து அங்க போயிருக்கலாம். அந்த மேஜைமேல வெச்ச கடைப் பழத்துலேருந்து கைமாறி, அங்கேருந்து இங்க வந்திருக்கலாம். ரெண்டு இடத்துக்கும் போய்வந்தது யாரு?”

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும்தான் போய்வந்தார்கள்.

ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று கொசு சொன்னபோது தலைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இங்கேருந்து செடி எங்கயும் நடந்து போயிடப் போறதில்லையே. கண்ணாடித் தடுப்பு வெச்சிடலாம். இப்பதான் ஜனங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. நீங்களே சொன்னீங்க, நோயும் ஒரு விவசாயிதான்னு.”

நாம் துப்பியதை யாரோ தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. “அது சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்” என்றாள்.

“அழகாதான் இருந்தது” என்றார் தலைவி. “பயிர் டாக்டர் உத்தரவு எழுத்துல வரட்டும். அப்புறம் பேசலாம்.”

அவளுக்குக் காத்திருக்க வரவில்லை. மறுநாள் கதவு திறந்தவுடனே கத்தரியை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் இறங்கினாள். நூலை வெட்டினாள், கொடியைத் தரையில் சாய்த்தாள், சுருட்டிப் பைக்குள் திணித்தாள். ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து, “நாங்களும் பிடுங்கலாமா?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“தொடாதீங்க” என்றாள் கொசு. “யாரும் எதையும் தொடாதீங்க. வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவுங்க. வீட்ல தக்காளிச் செடி இருந்தா கிட்டப் போகாதீங்க.”

அவர்கள் கைதட்டினார்கள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியதும் நடிப்பில் சேர்ந்துவிட்டது. அந்த வாரப் பத்திரிகையில், இத்தனை வருஷத்தில் அவள் செய்ததிலேயே உச்சம் அந்தக் கடைசி நாள்தான் என்று எழுதியிருந்தார்கள். தலைவி கோபத்தை மறந்து பூங்கொத்து அனுப்பினார். வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. இருபது வருஷம் தலைகீழாக நின்றும் வராத பெயர், அழுதுகொண்டே செடி பிடுங்கியதில் வந்தது. அவள் பூங்கொத்தை அப்படியே மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டுக் குடிலுக்குப் பஸ் ஏறினாள்.

அண்ணி வெள்ளை உடுப்பு ஒன்றை நீட்டினாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள் கொசு.

குடிலுக்குள் வேலை கடுமையானது. காய்த்துத் தொங்குகிற கொடியை வெட்டும்போது அது தோளில் வந்து விழும், ஈரமான கோணி மாதிரி கனக்கும். தரையில் இழுக்கக் கூடாது; இழுத்தால் இலை உதிரும், உதிர்ந்தால் நோய் தங்கும். சுருட்டிப் பையில் இறக்கி வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். நூல், கிளிப், தரைத்துணி எல்லாம் எரிப்பதற்கு. குழாய்களை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பிகளைச் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். கையைப் பால்பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கச் சொல்லியிருந்தார் பயிர் டாக்டர்; பாலுக்கு அந்த வைரஸ் அடங்குமாம். “ஊர்ல எல்லாரும் பாலைக் குடிக்கிறாங்க, நாம கை கழுவறோம். ராஜ வாழ்க்கைதான் போ” என்றான் அண்ணன். அண்ணி சிரிக்கவில்லை. அதனால் கொசுவும் சிரிக்கவில்லை.

நான்காவது குடில் காலியான மதியம். கொடிகள் போய்விட்டன, மேலே கம்பியிலிருந்து வெறும் நூல்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் தொங்கின, அந்தரத்தில் நின்றுபோன மழை மாதிரி. கீழே கறுப்புப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொசு வாளியைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கை போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டது.

பின்னால் அண்ணி நின்றிருந்தாள்.

“எரியிற வீட்ல புடுங்கினது லாபமா?”

“இல்ல அண்ணி, நான் சும்மா...”

“உங்கண்ணன் கேக்க மாட்டாரு. அதனால நான் கேக்கறேன். செடி எங்களோடது. நோய் யாரோடதுன்னு தெரியாது. பேரு மட்டும் எப்படி உன்னோடதாச்சு?” அண்ணியின் குரல் உயரவே இல்லை. “நான் வியாபாரிங்க ஒருத்தர் ஒருத்தரா போன் போட்டு, இந்த வருஷம் பழம் இல்லன்னு சொல்லிட்டிருக்கேன். அதுல ஒருத்தர் கேக்கறாரு, பேப்பர்ல வந்தது உங்க தோட்டமான்னு. ஆமான்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா? நீ சொல்லு.”

கொசு படத்தை அழித்துக் காட்டினாள். அண்ணி அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின்மேல் அண்ணனும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்கு எப்போதும் அதற்கு நேர்மாறு. கையும் காலும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணா, எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க வழியிருக்கு” என்றாள். “டாக்டர்கிட்ட கேட்டேன். இங்கத்து இலை அவங்ககிட்ட இருக்கு. ஹால்ல அவங்க கிள்ளினது நோய் பரவினதுக்கப்புறம் எடுத்தது. நோய் ஆரம்பிச்சப்ப ஹால்ல இருந்த இலை கிடைச்சா, ரெண்டையும் ஒப்பிட்டு ஓரளவுக்குச் சொல்லலாமாம்.”

“ஹால்ல இருந்த எல்லாத்தையும்தான் எரிச்சாச்சே.”

அவள் சோற்றைப் பிசைந்தாள். “நான் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். கண்ணாடிக்கு நடுவுல. முதல் நாள் இலையும் அதுல இருக்கு.”

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பயிர் டாக்டர் ஒன்றுவிடாமல் எரிக்கச் சொன்னது அவனுக்கும் தெரியும். அவள் சொல்லாத இன்னொன்றும் இருந்தது: அந்தக் கண்ணாடி இலைகளைக் கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பில் வைக்க வேண்டும் என்று தலைவி கேட்டிருந்தார். அப்படி ஒன்று உள்ளே போய்விட்டால் அப்புறம் யாரும் அவளைச் சமையல்காரி என்று சொல்ல மாட்டார்கள்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?” என்றான் அண்ணன். “உன்னாலன்னு வந்தா, நான் உன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு யோசிக்கணும். என்னாலன்னு வந்தா, உங்கண்ணிகிட்ட எப்படிப் பேசறதுன்னு யோசிக்கணும். எனக்கு ரெண்டுக்கும் தெம்பில்ல, கொசு. நாளைக்கு அஞ்சாவது குடில் இருக்கு.”

“எனக்குத் தெரியாம இருக்க முடியாதுண்ணா.”

“உனக்குச் சின்ன வயசிலேருந்தே எதுவும் தெரியாம இருக்க முடியாது” என்று எழுந்து கையைக் கழுவப் போனான்.

அவள் வேலை பார்க்கிற அறை, பழைய அச்சகம் ஒன்றின் மாடியில் இருந்தது. மறுநாள் காலையில் குடிலுக்குப் போகாமல் அங்கே போனாள். அலமாரியைத் திறந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் பட்டதும் அந்தத் தீவுகள் எழுந்து நின்றன. முன்னைவிட அழகாக இருந்தன, அதுதான் சங்கடம். பயிர் டாக்டரின் எண்ணை எடுத்தாள், வைத்தாள். தலைவியின் எண்ணை எடுத்தாள், வைத்தாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது.

கடைசியில் தகர டின் ஒன்றை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாள். கண்ணாடியைப் பிரித்து இலைகளை உள்ளே போட்டுக் கொளுத்தினாள். காய்ந்த இலை, நின்று எரியக்கூட இல்லை. சரசரவென்று சுருண்டு முடிந்துவிட்டது. அண்ணனுக்காக எரித்தாளா, அண்ணி சொன்னதற்காகவா, இல்லை நோய் தன்னால்தான் வந்தது என்று முடிவு வந்துவிடுமோ என்ற பயத்திலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் பல நாள் அந்தக் கேள்விதான் அவளைத் தின்றது. கண்ணாடிகளைப் பால் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைவிக்கு போன் செய்து இலைகள் இல்லை என்றாள். தலைவி எதையும் இரண்டு தடவை கேட்காதவர் அல்லவா, சரி என்று வைத்துவிட்டார். மறுபடி அவர் கூப்பிடவே இல்லை.

அண்ணனிடம் ஒரு வரிதான் சொன்னாள்: “எரிச்சிட்டேன்.” அவன் கம்பியைத் தேய்த்துக்கொண்டே, “சோப்பு தீந்துபோச்சு, வாங்கிட்டு வா” என்றான்.

தேமல் வெள்ளரிக்கு வராது என்றார் பயிர் டாக்டர். ஆறு குடில்களிலும் வெள்ளரி போட்டார்கள். அண்ணனுக்கு அதன் குணம் பிடிபடவில்லை. தண்ணீரை அதிகமாக விட்டான், குறைவாக விட்டான், செடியைத் திட்டினான். கொசு நூல் கட்டிக்கொடுத்தாள். முதல் அறுப்புவரை இருந்தாள். அண்ணி அவளோடு வேலை விஷயம் மட்டும் பேசினாள். கத்தரி எங்கே, பெட்டி எத்தனை, அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டைக் கட்டும்போது அவள் பங்கையும் சேர்த்துக் கட்டினாள்.

வந்த அழைப்புகளில் செடி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ஒன்றை மட்டும் ஒத்துக்கொண்டாள். கடலோரத்து உப்பளத்தில் ஒரு வருஷம்.

“அங்க என்ன பண்ணுவ?” என்றான் அண்ணன்.

“தெரியலண்ணா.”

“உப்புக்கு நோய் வராது. போய்ட்டு வா.”

போகிற வழியில், பஸ் ஏதோ ஓர் ஊரின் சந்தையைச் சுற்றிக்கொண்டு போகும்போது, அண்ணி கூப்பிட்டாள். உடம்பு எப்படி, எங்கே இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

“வெள்ளரிக்கா நிறைய வளைஞ்சு வளைஞ்சு காய்க்குது. வியாபாரிங்க வேணாங்கறாங்க. உன் ஆளுங்க யாராச்சும் எடுத்துப்பாங்களா?”

“எந்த ஆளுங்க அண்ணி?”

“எதைக் காட்டினாலும் அழகா இருக்குன்னு சொல்வாங்களே, அவங்கதான்.”

கொசுவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். “அவங்க வாங்க மாட்டாங்க. பாத்துட்டுப் போயிடுவாங்க. ஊறுகாய் போடறவங்க ரெண்டு பேரைத் தெரியும். கேட்டுச் சொல்றேன்.”

“கேளு. ஒரு படம் அனுப்பறேன், அவங்களுக்குக் காட்டு.”

படம் வந்தது. ஒரு பெட்டி நிறைய வளைந்த வெள்ளரிக்காய், பாதிப் படத்தை அண்ணியின் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை நீக்கி இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று எழுதத் தொடங்கியவள், நிறுத்தினாள். அதை அப்படியே ஊறுகாய்க்காரர்களுக்கு அனுப்பினாள். பஸ் நின்றது, யாரோ இறங்கினார்கள். தானும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பாதி எழுந்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் வழிவிட எழுந்து நின்றார். பஸ் கிளம்பிவிட்டது. “ஒண்ணுமில்ல, உக்காருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.